முள்கம்பியில் சிக்கிய பச்சை நூல்: சாயத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா?

#1 · ஊசிக்காரி · சுங்கை சிப்புட்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் தையல்கடை வைத்திருக்கிறேன். பள்ளி திறக்கும் நேரத்தில் கடையில் எங்கே திரும்பினாலும் இடைநிலைப்பள்ளிப் பையன்களின் ஆலிவ் பச்சைச் சிலுவார் (நீளக் கால்சட்டை)தான். அதனால்தான் இந்தப் பஞ்சாயத்தும் என் வாசலுக்கே வந்து சேர்ந்தது போல.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் போன வாரம் ஸ்டோரிலிருந்து இரண்டு மூட்டை கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) காணாமல் போயிருக்கிறது. ஸ்டோருக்குப் பின்னால் முள்கம்பி வேலி. அதில் பச்சையாக ஒரு கொத்து நூல் சிக்கியிருந்ததை ஜாகா, அதாவது தோட்டக் காவல்காரர், பார்த்து, பிய்த்து எடுத்து, தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். மறுநாள் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் படிவம் நான்கு படிக்கும் பையன் ஒருவனின் பள்ளிச் சிலுவார் முட்டிக்குக் கீழே கிழிந்திருப்பதைக் கண்டு அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஜாகா கொட்டகை மேசையில் சிலுவாரை விரித்து, நூலை அதன் மேல் வைத்து, “பார்த்தீங்களா, ஒரே கலர்” என்று நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். போனில் படமும் எடுத்திருக்கிறார்கள்.

பையனின் அம்மா அந்தப் படத்தோடு ஓடிவந்தார். “நீங்க தைச்ச துணிதானே அக்கா, நீங்களே சொல்லுங்க.” படத்தில் பார்த்தால் ஒரே நிறம்தான். நான் என்ன சொல்ல? அதே ரோலிலிருந்து இந்த வருசம் நாற்பது ஐம்பது பேருக்கு வெட்டியிருப்பேன்.

நூலைப் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் இரசாயன இலாகா ஆய்வகத்துக்கு அனுப்பினால் சாயத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்று தோட்டத்தில் பேச்சு. நிஜமா? விரல்நக அளவு நூலில் எந்தச் சாயத்தை எப்படிப் பிரித்தெடுப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · லயத்துக்காரன்

அப்படியென்றால் நாடு முழுக்க படிவம் ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள எல்லாப் பையன்களையும் வரிசையில் நிறுத்த வேண்டியதுதான். நானும் அந்தச் சிலுவார் போட்டு வளர்ந்தவன், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

#3 · இழைப்பித்து · கோத்தா பாரு

அக்கா, நான் குபாங் கெரியானில் தடயவியல் படித்தவள். இப்போது வேறு வேலை. ஆனாலும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தோளில் நூல் ஒட்டியிருந்தால் எடுத்துப் பார்க்கக் கை துறுதுறுக்கும்.

எடுத்தவுடனே சாயத்துக்குப் போகமாட்டார்கள். முதல் வேலை நுண்ணோக்கிக்கு. சிலுவார்த் துணி பெரும்பாலும் பாலியஸ்டரோடு விஸ்கோஸோ பருத்தியோ கலந்தது. பாலியஸ்டர் இழை வழவழவென்று கண்ணாடிக் கம்பி போலத் தெரியும். மினுமினுப்பைக் குறைக்கச் சேர்க்கும் டைட்டானியம் டைஆக்சைடு உள்ளே பொடிப்பொடிப் புள்ளியாக இருக்கும். விஸ்கோஸில் நீளவாக்கில் கோடுகள் ஓடும். பருத்தி முறுக்கிவிட்ட ரிப்பன் மாதிரி. வேலியில் இருந்தது நைலான் என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. சாயம் வரை போகவே வேண்டாம்.

அடுத்து புறஊதா விளக்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சவர்க்காரத் தூளில் துணியைப் பளிச்சென்று காட்டுவதற்கு ஒரு பொருள் போடுவார்கள்; அது துணியில் தங்கி, அந்த விளக்கில் நீலவெள்ளையாக ஒளிரும். ஒரே ரோலில் வெட்டிய இரண்டு சிலுவாரில் ஒன்றை அந்தத் தூளில் துவைத்து, இன்னொன்றை வெறும் கட்டிச் சோப்பில் துவைத்தால் இரண்டும் வேறாகத் தெரியலாம். பையன் வீட்டில் எதில் துவைக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள்.

மூன்றாவதுதான் நிறம். நுண்ணோக்கியோடு நிறமாலைமானியைப் பொருத்தி, ஒற்றை இழைக்குள் ஒளியைச் செலுத்தி, சுமார் 380-லிருந்து 780 நானோமீட்டர் வரை எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கோடு வரைவார்கள். கண்ணுக்கு “பச்சை” என்று ஒரே சொல்லாகத் தெரிவது இதில் மேடும் பள்ளமுமாக விரியும். ஒரு இழையை மட்டும் அளந்து நிறுத்துவதில்லை. பருத்தி, விஸ்கோஸ் எல்லாம் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது, அதனால் சிலுவாரிலிருந்து பல இழைகளை அளந்து, வித்தியாசம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்த பிறகுதான் வேலி இழையை அதன் பக்கத்தில் வைப்பார்கள். இதுவரை இழைக்கு ஒரு சேதமும் இல்லை.

சாயத்தைப் பிரித்தெடுப்பது கடைசியில், அதுவும் தேவைப்பட்டால். ஏனென்றால் எடுத்த சாயத்தைத் திரும்ப இழையில் ஏற்ற முடியாது. சில மில்லிமீட்டர் ஒற்றை இழையில் இருக்கும் சாயம் நானோகிராம் கணக்கு. நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் இழையைப் போட்டு, பிரிடினும் தண்ணீரும் கலந்த திரவம் ஒரு துளி விட்டுச் சூடாக்குவார்கள். பிரிடின் நாற்றம் இருக்கிறதே, அழுகின மீனைப் பெட்ரோலில் போட்ட மாதிரி! இறங்கிய சாயத்தைச் சிலிக்கா தட்டில் புள்ளியாக வைத்துக் கரைப்பானை ஏறவிட்டால், கலந்திருந்த சாயங்கள் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று தனித்தனி உயரத்தில் நிற்கும். வசதியுள்ள ஆய்வகத்தில் திரவ நிறப்பிரிகைக் கருவியையும் நிறைமானியையும் இணைத்து மூலக்கூறு எடை வரை பார்த்துவிடலாம்.

ஆனால் ஒன்று. இவ்வளவும் செய்து கிடைக்கும் பதில் “இந்த நூல் இந்தச் சிலுவாரிலிருந்து வந்தது” என்பது அல்ல. “இந்தச் சிலுவாரிலிருந்து வந்திருக்கலாம், வரவில்லை என்று தள்ள முடியவில்லை” என்பதுதான்.

#4 · லயத்துக்காரன்

தங்கச்சி, ஒரு சந்தேகம். செம்பனை நாற்றுமேட்டில் கட்டும் நிழல்வலையும் பச்சைதான். காற்றில் கிழிந்து அது பறந்து சிக்காத வேலியே தோட்டத்தில் கிடையாது.

#5 · இழைப்பித்து

நல்ல கேள்வி அண்ணே. அந்த வலை பாலிஎதிலீன். அதற்குச் சாயம் ஏற்றுவதில்லை. உருக்கும்போதே நிறமிப் பொடியைக் கலந்து இழுத்துவிடுவார்கள். பிரிடினில் எவ்வளவு நேரம் போட்டாலும் நிறம் இறங்காது. அதற்கு முன்பே நுண்ணோக்கியில் தட்டை நாடாவாகவோ தடித்த ஒற்றைக் கம்பியாகவோ தெரிந்துவிடும். அக்கா, படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முறுக்கு இருக்கிறதா?

#6 · ஊசிக்காரி

முறுக்கு இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்த ஜாகாவுடைய போனில் எடுத்தால் என் முகமே முறுக்காகத்தான் தெரியும்.

#7 · சாயக்குடம் · பத்து பகாட்

சாய ஆலையில் பத்தொன்பது வருசம். ஆய்வகத்துக்காரர்கள் பின்னால் இருந்து பார்க்கும் விசயத்தை நான் முன்னால் இருந்து சொல்கிறேன்.

ஆலிவ் பச்சை என்று டின்னில் சாயம் வருவதில்லை. மஞ்சள், ஒரு சிவப்பு அல்லது ஆரஞ்சு, ஒரு கருநீலம், மூன்றையும் அளந்து கலப்பதுதான். அதிலும் கலப்புத் துணிக்கு இரண்டு சமையல். பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், மூடின கலத்தில் அழுத்தத்தோடு 130 டிகிரி வரை ஏற்ற வேண்டும். பருத்தி, விஸ்கோஸ் பகுதிக்கு ரியாக்டிவ் சாயம், உப்பும் சோடாவும் போட்டு, அதைவிடக் குறைந்த சூட்டில். ஆக ஒரு சிலுவார் நூலுக்குள்ளேயே இரண்டு வகை இழை, இரண்டு வகைச் சாயம், ஆறு சாயம் கூட இருக்கும். பக்கத்து ஆலையும் அதே ஆலிவ்தான் போடுவான். அவனுடைய மூன்று சாயம் வேறு கம்பெனி, வேறு கணக்கு. சாம்பார்ப்பொடி மாதிரிதான். எல்லா வீட்டுச் சாம்பாரும் ஒரே நிறம், எங்க அம்மா வைத்ததா இல்லையா என்று வாயில் வைத்தால்தான் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு லாட்டும், அதாவது ஒரே தடவையில் சாயம் ஏற்றும் துணியும், கொஞ்சம் தள்ளித்தான் வரும். மாதிரியோடு ஒத்துவராவிட்டால் குறைகிற சாயத்தைக் கிள்ளிப்போட்டுச் சரிசெய்வோம். அந்தக் கிள்ளல் லாட்டுக்கு லாட் வேறு. அதனால் சரியான கருவி இருந்தால் லாட் வரை இறங்கிவிடலாம் என்பது என் கருத்து. தங்கச்சி கொஞ்சம் அடக்கி வாசிக்கிறாற்போல் தெரிகிறது.

#8 · ஊசிக்காரி

லாட் விசயம் நூற்றுக்கு நூறு உண்மை. ஒரே நம்பர் போட்ட இரண்டு ரோலிலிருந்து முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றும் வெட்டித் தைத்து, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கடை டியூப்லைட்டில் ஒன்றாகவே இருந்தது. அவர் கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்குப் போய் வெயிலில் விரித்தாரோ இல்லையோ, ஒரு கால் பச்சை, ஒரு கால் பழுப்பு! அன்றிலிருந்து எந்தத் துணியையும் வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்காமல் வெட்டுவதில்லை.

#9 · இழைப்பித்து

அக்கா, நீங்கள் அஞ்சடியில் செய்வதைத்தான் நிறமாலைமானி செய்கிறது. சாயக் கலவை வேறாக இருந்தால் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். ஜாகா கொட்டகையில் எந்த விளக்கு எரிந்தது என்று யாரும் கேட்கவில்லை, பாருங்கள்.

சாயக்குடம் அண்ணே, உங்கள் மிசினில் ஒரு லாட் எத்தனை மீட்டர்? பல நூறு மீட்டர் இருக்குமா இல்லையா? அத்தனையும் ஒரே சாயம். லாட் வரை இறங்கினாலும் அக்கா வெட்டின நாற்பது சிலுவாரில்தான் போய் நிற்போம். அதோடு நீங்கள் சொல்லும் “கிள்ளல்” வித்தியாசம் புதுத் துணியில் தெரியும். வெயிலில் காய்ந்து, வேர்வை பட்டு, எட்டு மாதம் துவைத்த சிலுவாரில் வெளுப்பே அதைவிடப் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்துவிடும்.

இன்னொரு சிக்கல். ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பாகவே கட்டிக்கொள்ளும். பிரிடினுக்கெல்லாம் மசியாது. காரத்திலோ, செல்லுலோஸைத் தின்னும் நொதியிலோ போட்டு இழையையே உடைத்தால்தான் வெளியே வரும். இங்கே கிளந்தானில் பாத்திக் கைலிக்குப் போடுவதும் இதே வகைச் சாயம்தான். சோடியம் சிலிகேட் பூசி இறுக்குவார்கள். எத்தனை துவைத்தாலும் போகாது என்று கைலிக்காரர் பெருமையாகச் சொல்வாரே, அந்தக் குணம்தான் ஆய்வகத்தில் எங்களைப் படுத்துகிறது.

#10 · சாயக்குடம்

மீட்டர் கணக்கில் பிடித்துவிட்டாய். சரி, ஆளைச் சொல்லாது. ஆனால் “இந்த ஆலைத் துணியே இல்லை” என்று தள்ளிவிடுமே. பையனுக்கு வேண்டியது அதுதானே?

#11 · இழைப்பித்து

அதில் சண்டையே இல்லை அண்ணே. சேர்ப்பதைவிட விலக்குவதில்தான் சாயத்துக்குப் பலம் அதிகம்.

#12 · பழைய கிராணி · சுங்கை சிப்புட்

பேச்சு சுவாரசியமாகப் போகிறது. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, கொஞ்சம் குறுக்கே பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாயத்தைச் சோதித்துப் பார்ப்பது நமக்குப் புதிது இல்லை. ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு பட்டால் சிவக்கிறதே, அது என்ன? தைப்பூசத்துக்கு ஆயிரம் பேர் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதில் வீட்டில் மஞ்சளில் நனைத்தது எது, கடையில் வாங்கியது எது என்று சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் நானே சொல்வேன், எந்த நிறமாலையும் வேண்டாம்.

என் சந்தேகம் வேறு. இந்த ஊரில் 1948 ஜூன் 16-ஆம் தேதி மூன்று துரைமாரைச் சுட்டதும் அவசரகாலம் வந்தது. அப்போதெல்லாம் ஒருவனை மாட்டிவிட நூல் கூடத் தேவையில்லை, விரலை நீட்டினால் போதும் என்று அப்பா சொல்வார். இப்போது நூலைக் காட்டுகிறார்கள். நூலைக் காட்டுவதும் அதே விரல்தானே? ஆய்வகத்தில் ஆயிரம் கருவி இருந்து என்ன, எதை அனுப்புவது என்று முடிவு செய்கிறவர் ஜாகா.

#13 · இழைப்பித்து

ஐயா, நான் எழுதத் தயங்கிக்கொண்டிருந்த இடத்தில் நேராக வந்து நின்றுவிட்டீர்கள்.

அந்தத் தீப்பெட்டி நூலின் கதை மேசையிலேயே முடிந்துவிட்டது. உரசினால் இழை இங்கிருந்து அங்கும், அங்கிருந்து இங்கும் போகும். பிரான்சின் லியோனில் 1910-இல் தடயவியல் ஆய்வகம் தொடங்கிய லோக்கார்ட் காலத்திலிருந்து இந்தத் துறை முழுக்க நிற்பது அந்த ஒரு விசயத்தின் மேல்தான். ஜாகா நூலை எடுத்துச் சிலுவார் மேலேயே வைத்தார் இல்லையா? இனி தீப்பெட்டியில் சிலுவார் இழை இருந்தால் அது வேலியிலிருந்து வந்ததா, மேசையிலிருந்து வந்ததா? எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. முறையாகச் செய்வதென்றால், கம்பியில் இருக்கும்போதே படம் எடுத்து, நூலைத் தனி உறையில் மூடி முத்திரையிட்டு, சிலுவாரை வேறொரு ஆள், வேறொரு இடத்தில் வைத்துத் தனியாகக் கட்டியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே அறைக்குள் சந்திக்கவே கூடாது.

இழையை வைத்து நின்ற வழக்கே இல்லை என்று நினைக்க வேண்டாம். அட்லாண்டாவில் 1982-இல் வேய்ன் வில்லியம்ஸ் இரண்டு கொலைகளில் தண்டனை பெற்றதில் கம்பள இழைக்குப் பெரிய பங்கு. அதுவும் ஆலிவ் பச்சை! ஆனால் அந்த நைலான் இழையின் வெட்டுமுகமே விசித்திரம்: மூன்று மடல், இரண்டு நீளம், ஒன்று குட்டை. அந்த இழையில் அந்த நிறக் கம்பளம் செய்தது கொஞ்ச காலம்தான். விற்பனைக் கணக்கைத் தேடிப் பிடித்து, அந்த நகர்ப்பகுதியில் 7,792 வீடுகளுக்கு ஒன்றில்தான் அப்படி ஒரு கம்பளம் இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கையே பலர் குறை சொல்லியிருக்கிறார்கள். அதோடு அந்த ஒன்றை மட்டும் வைத்து நிற்கவில்லை. படுக்கை விரிப்பு, கார்க் கம்பளம், நாய் முடி என்று பல வகை சேர்ந்து வந்தது. நம் சிலுவார் அதற்கு நேர் எதிர். ஊரில் எல்லா வீட்டுக் கொடியிலும் அதுதான் காய்கிறது. நீல ஜீன்ஸ் பருத்தியையும் வெள்ளைப் பருத்தியையும் பல ஆய்வகங்கள் ஒப்பிடக்கூட எடுப்பதில்லை, எங்கும் இருப்பதால்.

சாயத்தை எல்லாம் விடுங்கள், கிழிசலைப் பார்த்தீர்களா அக்கா? கம்பியில் சிக்கியது துணித்துண்டாக இருந்தால் கிழிசல் ஓரத்தோடு ஓரம் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் சாயத்தைவிட எவ்வளவோ வலுவான சாட்சி.

#14 · ஊசிக்காரி

கிழிசலை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை அம்மா. சிலுவார் அவர்களிடம்தான் இருக்கிறது. நாளைக்குப் பையனின் அம்மாவோடு தோட்ட ஆபீசுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். என்ன கேட்க வேண்டும்?

#15 · வழக்குமேசை · ஈப்போ

வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி, போலிசில் புகார் இருக்கிறதா? புகார் இல்லாமல் எந்த நூலும் இரசாயன இலாகாவுக்குப் போகாது. விசாரணை அதிகாரிதான் முத்திரையிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவோடு அனுப்புவார். தீப்பெட்டி இரண்டு நாள் எங்கே இருந்தது என்பதே எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அரை மணி நேரச் சாப்பாடு.

ஆய்வறிக்கை வந்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 399-ஆம் பிரிவின்படி அறிக்கையே சாட்சியாக நிற்கும். ஆனால் எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே பிரதி தர வேண்டும், அவர்கள் கேட்டால் எழுதியவர் கூண்டேறிப் பதில் சொல்ல வேண்டும். நிபுணர் சொல்வது 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 45-ஆம் பிரிவில் ஒரு கருத்துத்தான். தீர்ப்பு நீதிபதியுடையது.

பையன் 18 வயதுக்குக் கீழே என்பதால் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்துக்குள் வருவான். நாளைக்கு ஆபீசில் எந்தத் தாளிலும் பையனோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டாம். “பார்த்துவிட்டுச் சொல்கிறோம்” என்று வந்துவிடுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், அவர்களுக்கும் இரண்டு மூட்டை போயிருக்கிறது.

#16 · ஊசிக்காரி

போய்விட்டு வந்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், சிரிப்பீர்கள்.

புகார் எதுவும் இல்லை. மேனேஜர், “விசாரித்துக்கொண்டிருக்கிறோம்” என்றார். நூலைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஜாகா பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே நான்கு குச்சியும் கொஞ்சம் புகையிலைத் தூளும். நூல் இல்லை. கொட்டினார், தட்டினார், மேசைக்குக் கீழே குனிந்து தேடினார். விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். எனக்கு ஜாகாவைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. மூட்டை போனதற்கு அவர் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்ற பயம் அவருக்கு.

சிலுவாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கிழிசல் ஓரத்தில் கறுப்பு கிரீஸ் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் சங்கிலியில் மாட்டின மாதிரி. பையன்தான் எடுத்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

#17 · பழைய கிராணி

குச்சி நான்கும் பத்திரமாக இருந்ததா?

#18 · சாயக்குடம்

அக்கா, மிச்ச ரோல் கடையில் இருந்தால் ஓரக்கரையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் ஆலைத் துணியாக இருந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

#19 · ஊசிக்காரி

கரை முழுக்க வெட்டிப் போட்டாயிற்று தம்பி, நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஒரு விசயம் மட்டும் சொல்ல வந்தேன். பையன் வளர்ந்துவிட்டான் என்று கிழிசலைத் தைக்கும்போதே கீழ்மடிப்பையும் இறக்கிவிடச் சொன்னார்கள். பிரித்தால் மடிப்புக்குள் இருந்த இரண்டு அங்குலம் கரும்பச்சை, வெளியே இருந்தது வெளுத்த பச்சை. ஒரே சிலுவார், ஒரே லாட், நானே வெட்டினது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு துணி என்றுதான் சத்தியம் செய்வேன்.

#20 · இழைப்பித்து

அதனால்தான் ஒப்பிட எடுக்கும் மாதிரியைக் கிழிசலுக்குப் பக்கத்திலிருந்தே எடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள் அக்கா. மடிப்புக்குள்ளிருந்து எடுத்திருந்தால் பையனை விலக்கியே விட்டிருப்போம், தப்பாக.

#21 · ஊசிக்காரி

இறக்கின கோடு தெரியாமல் இருக்க மேலே ஒரு தையல் ஓட்டியிருக்கிறேன். நூல்தான் சரியான பச்சை கிடைக்கவில்லை, கறுப்பில் போட்டுவிட்டேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னான்.